சொட்டு மருந்துக்கு ஒரு கை

கண் அழுத்தம் பார்ப்பது எப்படி என்று இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் வேலையில் சேர்ந்தபோது எங்களிடம் இருந்த கருவியை இப்போது காட்டினால் சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்தது வேறு. அதையும் ஒரு பாடமாகச் சொல்ல எனக்கு வராது. அஞ்சலாட்சியைப் பற்றிச் சொல்கிறேன், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பணிக்காலத்தில் பெரும்பகுதி புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழிந்தது. கண் மருத்துவ உதவியாளர் என்று பதவிக்குப் பெயர். ஊரில் எல்லோருக்கும் நான் 'கண்ணு மேடம்'தான். வாரம் ஒருநாள் நகரத்திலிருந்து கண் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் அந்த அறையில் நானும் எழுத்துப் பலகையும் மட்டும்தான். மாலையில் பஸ் பிடித்து வில்லியனூரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்புவேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான்.

கண்புரை வந்தவர் எப்படியும் நம்மிடம் வந்துவிடுவார். எதிரில் வருவது மருமகளா மகளா என்று தெரியாமல் போனதும் வீட்டில் யாராவது கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார்கள். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் வந்தவர் வரமாட்டார். அவருக்கு வலி கிடையாது, கண் சிவக்காது, நேராகப் பார்த்தால் எல்லாம் தெரியும். அரிசியில் கல் பொறுக்குவார், காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துச் சொல்வார். பார்வை ஓரத்திலிருந்துதான் போகும். போனது போனதுதான். எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது. மிச்சத்தைக் காப்பாற்ற மட்டும்தான் நம்மால் முடியும். அதனால் அவர் நம்மைத் தேடி வரும்வரை காத்திருந்தால் காப்பாற்ற மிச்சம் அதிகம் இருக்காது.

அஞ்சலாட்சியும் கண்ணுக்காக வரவில்லை. முழங்காலில் கட்டுப் போட வந்தவர். தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு பைக் தட்டிவிட்டிருந்தது. அறுபது வயது தாண்டிய விவசாயக் குடும்பத்துப் பெண், நல்ல உயரம், கணவர் இல்லை. கட்டுப் போடும் அறைக்கு எதிரில்தான் என் அறை. கதவு திறந்திருந்ததால் நர்ஸிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது.

"ரோட்டத் தாண்டுறப்ப திடீர்னு வந்துட்டாம்மா. எங்கேர்ந்து வந்தான்னே தெரியல."

"ஹாரன் அடிக்கலையா?"

"அடிச்சான்னுதான் எல்லாரும் சொல்றாங்க. சத்தம் கேட்டுச்சு. ஆள் தெரியலியே."

சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து போனேன். கட்டுப் போட்டு முடிந்ததும் என் அறைக்கு வரச் சொன்னேன்.

"கண்ணுக்கு இன்னா மேடம்? கண்ணு நல்லாத்தான் தெரியுது. வில்லியனூர் கடத்தெருவுல ஒரு கண்ணாடி வாங்கியாந்தேன், அதப் போட்டா பொடி எழுத்துகூடத் தெரியும்."

"இதுக்கு முன்னாடி இப்படி எதுலயாவது இடிச்சுக்கிட்டீங்களாம்மா?"

"மாடு ஒண்ணு இப்பிடித்தான் திடீர்னு வந்து நின்னுச்சு. அப்புறம் நெலக்கதவுல தோள இடிச்சுக்குவேன். வயசாவுதில்ல."

"எந்தத் தோள்?"

அவர் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பலகையைப் படித்தார், கடைசி வரிசைக்கு முந்திய வரிசைவரை. வலது கண்ணை மூடச் சொன்னேன். அதேபோல் படித்தார். இடது கண்ணை மூடச் சொன்னேன்.

"படிங்கம்மா."

"லைட்ட அணைச்சுட்டியா மேடம்?"

பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை என்று சொன்னேன். அவர் இடது கண்ணிலிருந்து கையை எடுத்தார். மறுபடி மூடினார். மறுபடி எடுத்தார். தன் வீட்டில் ஓர் அறை பூட்டிக் கிடப்பதை அன்றுதான் கண்டுபிடித்தவர் மாதிரி மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப போச்சு?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கும் வேலை ஒரு மனுஷிக்குத் தானாக எங்கே வருகிறது?

அந்த வார டாக்டர் நாளில் உறுதியாயிற்று. வலது கண் முடிந்துவிட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் பார்வை இருந்தது, ஓரம் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. டாக்டர் இளைஞர், அவசரக்காரர், ஆனால் நல்லவர். கண்ணில் பிரஷர் அதிகம், அது நரம்பை அரிக்கிறது, தினமும் சாயங்காலம் ஒரு சொட்டு, வாழ்நாள் முழுக்க, ஒருநாள்கூட விடக்கூடாது என்று நிதானமாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் அஞ்சலாட்சி என்னிடம் கேட்டார்: "பிரஷராமே? நான் சோத்துல உப்பே கொறச்சுட்டேனே மேடம்."

அது வேறு பிரஷர், இது வேறு என்று விளக்கினேன். இரத்த அழுத்தம் சரியாக இருப்பவருக்கும் கண் அழுத்தம் ஏறும். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். சிரித்துவிடாதீர்கள். ஒரே பெயரை இரண்டு நோய்க்கும் வைத்துவிட்டு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதன் பிறகு அவர் ஒரு தவணைகூடத் தவறவில்லை. சொன்ன தேதியில் வருவார். மருந்துப் பாட்டில் காலியாகியிருக்கும். அடுத்தது வாங்கிக்கொள்வார். ஆனால் இடது கண்ணின் அழுத்தம் இறங்கவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார். இன்னொன்றைச் சேர்த்தார். அப்போதும் அசையவில்லை. ஓரம் இன்னும் சுருங்கிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். கண்புரை அறுவைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வண்டி வேறு காத்திருந்தது. டாக்டர் அஞ்சலாட்சியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"மருந்துக்குக் கேக்கல. இவங்களையும் ஆபரேஷனுக்கு அனுப்பிடலாம்."

மிச்சம் இருப்பது ஒரே கண். அதில் கத்தி வைப்பது என்றால் டாக்டருக்கும் சுலபமான முடிவு இல்லை.

"கூட ஆள் இல்லாம சேத்துக்குவாங்களா?" என்று கேட்டார் அஞ்சலாட்சி.

"யாராவது ஒருத்தர் இருக்கணும்மா" என்றேன்.

"யார வரச்சொல்றது? பையன் பெங்களூர்ல கம்பெனில கீறான். லீவு கெடைக்காது அவனுக்கு."

டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். "இவங்க மருந்து போடறாங்கன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"பாட்டில் ஒவ்வொரு தடவையும் காலியாகுது சார்."

"பாட்டில் காலியாகுதுன்னு தெரியுது. உள்ள போகுதான்னு தெரியுமா? போட்டுக் காட்டச் சொல்லுங்க."

வெளியே கூட்டம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வண்டி டிரைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். இந்த மாதிரி நேரத்தில்தான் நம் கை தானாக அடுத்த பெயரைக் கூப்பிடும். நான் அஞ்சலாட்சியை என் அறைக்கு அழைத்துப் போய்ப் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். "வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்து தலையை அண்ணாந்தார். பாட்டிலின் முனை கண் எதிரே வந்ததும் இமை தானாக மூடிக்கொண்டது. ஒரு சொட்டு புருவத்தில் விழுந்தது. அடுத்தது கன்னத்தில். அது காதுப்பக்கம் வழிந்து ஓடியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஆச்சு" என்றார்.

"தினமும் இப்படித்தானாம்மா?"

"ஆமா. கண்ணெல்லாம் ஈரமாயிடும்ல, போயிடுச்சுன்னு தெரியும்."

ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. இத்தனை மாதமும் அந்த மருந்து அவர் கன்னத்துக்குத்தான் போயிருந்தது. ஒரு நாளும் விடாமல், பயபக்தியோடு.

டாக்டரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இரண்டு வாரம் தரேன். மருந்து உள்ள போனா இறங்குதான்னு பார்ப்போம். அதுக்கு மேல அந்தக் கண்ணு தாங்காது" என்றார்.

"வீட்டுல வேற யாரும்மா இருக்காங்க, மருந்து ஊத்த?" என்று அஞ்சலாட்சியைக் கேட்டேன். இந்தக் கேள்வியை அவர் வந்த முதல் நாளிலிருந்து எங்களில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொன்னதில்லை.

"நான் ஒருத்திதான்."

"பக்கத்து வீடு?"

பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்த பிறகுதான் அவர் சொன்னார். "செவுத்துக்கு அந்தாண்ட என் தங்கச்சி கீறா. கூடப் பொறந்தவதான். அண்ணன் தம்பிக்குத்தான் எங்க ரெண்டு பேரையும் குடுத்தாங்க. இருந்தா இன்னா? பேச்சுவார்த்தை இல்ல."

அதற்குமேல் அவரே பாதி சொன்னார், மீதியைப் பிறகு அறிந்தேன். இவர்களுடைய அம்மா வீடு செல்லிப்பட்டு. அம்மா சாகக் கிடந்தபோது தங்கை தனலட்சுமி அங்கே இருந்தார். அக்கா பாகூரில். நல்ல மழைக்காலம், சங்கராபரணி ஆறு பெருகித் தரைப்பாலம் முழுகிவிட்டது. அக்கா சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்தாயிற்று. "எனக்காகக் கொஞ்ச நேரம் வெச்சிருக்கக் கூடாதா? அம்மா மூஞ்ச எனக்குக் காட்டல மேடம் அவ." வைத்திருக்க முடியாத நிலை என்பது தங்கை தரப்பு. அன்றிலிருந்து பேச்சில்லை. பிறகு இரண்டு வீட்டிலும் ஆண்கள் காலமானார்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு பாதியில் அக்கா ஒருத்தி, தங்கை ஒருத்தி. இந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் அந்தப் பக்கம் கேட்கும்.

முதல் சில நாட்கள் சாயங்காலம் நான் கிளம்புவதற்கு முன்னால் அஞ்சலாட்சியைச் சுகாதார நிலையத்துக்கே வரச்சொல்லி நானே மருந்து போட்டேன். அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஓரம் தெரியாத ஒரு பெண்மணி இருட்டும் நேரத்தில் பஸ் ரோட்டைத் தாண்டித் தினமும் வந்துபோவதை எத்தனை காலத்துக்கு அனுமதிப்பது? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது? அந்த ஊருக்கென்று இருந்த சுகாதாரப் பணியாளருக்கு நூறு வேலை. நானோ மாலையானால் வில்லியனூர் பஸ் பிடிக்க வேண்டியவள்.

ஆனால் எனக்கு இன்னொரு கடமையும் இருந்தது. இந்த நோய் இரத்த உறவில் ஓடும். ஒருவருக்கு வந்தால் கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும். தனலட்சுமியை நான் எப்படியும் பார்த்தாக வேண்டும். ஆனால் ஒருவருடைய நோயை அவர் பேசாத ஆளிடம் போய் நான் எப்படிச் சொல்வது? அஞ்சலாட்சியையே கேட்டேன்.

"உங்க தங்கச்சிகிட்ட உங்க கண்ணப் பத்திச் சொல்லலாமாம்மா?"

முகம் இறுகியது. "எதுக்கு? அவ வந்து எனக்கு ஊத்தணும்னா?"

"அதுக்கு இல்ல. அவங்களுக்கும் இது வரலாம். பரிசோதனை பண்ணணும்."

அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "தனத்துக்கும் வருமா?"

"வரலாம்."

"அப்ப சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

மறுநாள் மதியம் போனேன். கரும்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்த தெரு. தனலட்சுமி குள்ளமாக, அக்கா ஜாடை கொஞ்சமும் இல்லாமல் இருந்தார். யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். அக்கா பெயரை எடுத்ததும் எழுந்துகொண்டார்.

"அவ அனுப்பினாளா?"

"இல்லம்மா. நானாத்தான் வந்தேன். உங்களுக்குக் கண் பரிசோதனை பண்ணணும்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது."

"உங்க அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருந்தது?"

"கடைசியில சுத்தமாத் தெரியாது. வயசாச்சு, போச்சு."

"எந்த வயசுல இருந்து?"

அவர் யோசித்தார். "என் கல்யாணத்தப்பவே சரியாத் தெரியாது. மணவறையாண்டதான் நின்னுது. மோளம் கொட்டினப்புறம், கட்டியாச்சா கட்டியாச்சான்னு பக்கத்துல இருந்தவங்களக் கேட்டுச்சு. எதுர்ல வர்றவங்கள இடிச்சுக்கும். பராக்குப் பாத்துக்கினு நடக்குதுன்னு எங்கப்பா திட்டுவாரு."

மகளின் திருமணத்தின்போது அந்த அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகியிருக்காது.

"உங்க அக்காவும் அப்படித்தான் இடிச்சுக்கிறாங்க. வலது கண் முழுசா போயிடுச்சு. இன்னொண்ணுலயும் நடுவுல மட்டும்தான் தெரியுது."

தனலட்சுமி நின்றபடியே இருந்தார். நான் நோயைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"எந்தக் கண்ணு சொன்ன?"

"வலது கண்ணு."

"சோத்தாங்கைப் பக்கமா?"

"ஆமா."

அவர் தூணோரமாகக் கீழே உட்கார்ந்தார்.

"வீராம்பட்டினம் தேருக்குப் போயிருந்தோம் மேடம். தனித்தனியாத்தான். கூட்டத்துல அவளப் பாத்தேன். எங்க வூட்டுக்காரரு செத்த வருஷம் அது. மனசு கேக்கல. அவ பக்கத்துலயே போயி நின்னேன், சோத்தாங்கைப் பக்கம். அக்கான்னு கூப்பிட வாய் வரல. சிரிச்சேன். கோயில்ல குடுத்த பூவ நீட்டினேன். அவ தேரையே பாத்துக்கினு இருந்தா. அப்புறம் நான் ஒருத்தி நிக்கறதே தெரியாத மாதிரி நடந்து போயிட்டா. நீட்டின கைய வெச்சுக்கினு நான் அத்தினி ஜனத்துக்கு நடுவுல நின்னேன். செத்தாலும் இனிமே இவ மூஞ்சியில முழிக்கறதில்லன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அப்பவே போயிருக்குமா அந்தக் கண்ணு?"

"இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

உறுதியாகச் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரியாததைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் எழுந்து பின்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"டெஸ்ட்டுக்கு என்னிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்கு மருந்து ஊற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் அது என் வேலையாகிவிடும், அவர் செய்ததாக இருக்காது என்று தோன்றியது. சாயங்காலம் சாயங்காலம் மருந்து என்பதையும், அக்காவால் தானாகப் போட முடியவில்லை என்பதையும் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. இரண்டு வாரத் தவணையில் பாதிக்குமேல் போய்விட்டது. ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லியிருக்கலாமோ? அந்தக் கண் போனால் நான் சொல்லாமல் விட்ட வார்த்தையால் போனதாகத்தானே ஆகும்? இந்த வேலையில் இப்படி யோசித்துக்கொண்டு போகும் பஸ் பயணங்கள் உங்களுக்கும் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல முடியாத விஷயமாகவே இருக்கும் அது.

மறுநாள் சாயங்காலம் அஞ்சலாட்சி மருந்துக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையிலேயே பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம்.

"ஏம்மா வரல? அவ்வளவு சொன்னேனே."

"ஒருத்தி வந்து ஊத்திட்டுப் போறா மேடம்."

"யாரு?"

"அவதான்." சுவர் இருக்கும் திசைக்குத் தலையை ஆட்டுவதுபோல் ஆட்டினார். "பொழுது போற நேரம். வெளக்கு போட எழுந்தேன். நான்தான்னு வாசல்ல கொரலு. மருந்து எங்கன்னா. காட்டினேன். அண்ணாந்துக்கோன்னா. ஊத்தினா. போயிட்டா."

"ஒண்ணும் பேசலையா?"

"இன்னா பேசறது?"

தவணை முடிந்த நாளில் டாக்டர் அழுத்தம் பார்த்தார். திரும்பவும் ஒருமுறை பார்த்தார். "இப்பப் போதும். ஆபரேஷன் தள்ளி வைக்கலாம். அடிக்கடி பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

தனலட்சுமிக்கும் பரிசோதனை ஆயிற்று. ஒரு கண்ணில் ஆரம்பம். அவருக்கே தெரியாத அளவு. நாங்கள் தேடிப் போகாமல் இருந்தால் இன்னும் பல வருடம் தெரிந்திருக்காது. அவருக்கும் மருந்து ஆரம்பித்தோம். அவர் பாட்டிலை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்கும் இதுதானா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் தோணுது."

"வயசுன்னு விட்டுட்டமே" என்றார்.

அதன் பிறகு இருவரும் தவணைக்கு ஒரே நாளில் வருவார்கள். ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில். பெஞ்சிலும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்காருவார்கள். நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். ஒரு தடவை, கண்ணின் பாப்பா விரிவதற்கு மருந்து விட்டு இருவரையும் வெளியே உட்கார வைத்திருந்தேன். கூட்டம் போய்விட்டது. நான் உள்ளே கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

தனலட்சுமியின் குரல் கேட்டது. "வீராம்பட்டினத்துல தேரு அன்னிக்கு நான் உன் பக்கத்துலதான் நின்னேன்."

பெஞ்சு கிறீச்சிட்டது, அஞ்சலாட்சி திரும்பியிருக்க வேண்டும்.

"எந்தப் பக்கம்?"

"சோத்தாங்கைப் பக்கம்."

அஞ்சலாட்சி சொன்னார். "கூப்ட வேண்டியதுதானடி? காது நல்லாத்தான கேக்குது எனக்கு."

"கூப்ட்டு நீ திரும்பலன்னா?"

நான் துடைத்த கருவியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் அந்த நேரத்தில் எதிரில் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. அதனால்தான் பேச முடிந்ததோ என்னவோ.

சுவரை இடித்தார்களா என்று கேட்காதீர்கள். இடிக்கவில்லை. இன்றும் தனித்தனியாகத்தான் சமைக்கிறார்கள். அம்மா விஷயத்தைப் பேசித் தீர்த்தார்களா என்றும் எனக்குத் தெரியாது. சில கேள்விகளை நாம் கேட்கக் கூடாது. அஞ்சலாட்சிக்குப் போன பார்வையில் ஒரு துளியும் திரும்பவில்லை. நிலைக்கதவில் இன்னும் தோள் இடித்துக்கொள்கிறார். ஆனால் மிச்சமிருந்தது மிச்சமிருக்கிறது. தனலட்சுமி வாசலில் நுழையும்போதே "நான்தான்" என்று குரல் கொடுத்துவிட்டு, இடதுபக்கமாகச் சுற்றி வந்து நேர் எதிரில் நிற்கிறார். ஒருமுறை நானே பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் இந்தாண்ட வா" என்றார் அக்கா. தங்கை ஓர் அடி நகர்ந்தார். "ஆங். இப்பத் தெரியுற."

நாற்பது தாண்டியவர் எதற்காக வந்தாலும் கண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், அழுத்தம் பாருங்கள், நரம்பைப் பாருங்கள். கண்ணாடி வாங்கிவிட்டேன் என்பவரை விட்டுவிடாதீர்கள். கண்ணாடி வாங்குவது கண்ணைப் பரிசோதிப்பது ஆகாது. வீட்டில் யாருக்காவது இப்படிக் கண் போயிற்றா என்று கேளுங்கள். வயசாகிவிட்டது என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். மருந்து கொடுத்தால் உங்கள் எதிரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். அந்தப் பதில் மெதுவாகத்தான் வரும்.

இவ்வளவையும் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. சமீபத்தில் எனக்கே கண்புரை அறுவை நடந்தது. உங்களைப் போல ஓர் இளம்பெண் மருந்துகளை எடுத்து வைத்து, எது எப்போது என்று சொன்னாள். நல்ல பெண், தெளிவாகச் சொன்னாள். நான் இந்த வேலையில் இருந்தவள் என்று தெரிந்ததும், "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். வீட்டில் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அன்று மாலை வீட்டில் கட்டிலில் படுத்து அண்ணாந்தேன். எத்தனையோ பேர் கண்ணில் மருந்து போட்ட கை இது. பாட்டில் முனை எதிரே வந்ததும் இமை மூடிக்கொண்டது. முதல் சொட்டு மூக்கின் மேல் விழுந்தது. இரண்டாவது காதுக்குள் போயிற்று. மூன்றாவது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எல்லாம் ஈரமாக இருந்தது. போதும், போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு எழுந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். கீழ்வீட்டில் குடியிருக்கும் பெண் கடையில் வேலை பார்ப்பவள். குடி வந்து பல மாதமாகிறது. தண்ணி வந்துச்சா, கேட்டப் பூட்டியாச்சா, இதற்குமேல் அவளிடம் நான் பேசியதில்லை. கதவைத் தட்டினேன். அறுவைக்குப் பிறகு போடும் கறுப்புக் கண்ணாடியோடு என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"இன்னா மேடம் ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. இந்த மருந்த என் கண்ணுல ஒரு சொட்டு விடணும். என்னால முடியல."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கண்ணுலயா? எனக்குப் பயமா கீதே மேடம். வராதே எனக்கு."

"நான் சொல்லித்தரேன்" என்றேன்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.